வாரண்டியில் இருக்கும் மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயில் கசிந்தால்: ராமநாதபுரம் கடலோர விவசாயிகளுக்கு முழு வழிகாட்டி

ஆடி பிறந்தால் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புழுதி உழவு தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் நிலத்தைப் பதமாக்கி நெல்லை நேரடியாக விதைத்தாக வேண்டும். உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணற்பாங்கான தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் நுழைந்து வருவது மினி டிராக்டர்தான். கலப்பையோ ரோட்டவேட்டரோ டிப்பரோ, எல்லாமே ஹைட்ராலிக்கை, அதாவது ஆயில் அழுத்தத்தில் தூக்கி இறக்கும் அமைப்பை, நம்பி ஓடுகிறவை. அந்த நேரத்தில் பின்பக்கம் ஆயில் சொட்டினால் பெரும்பாலானோர் உடனே தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் முறுக்கி விடுங்கண்ணே" என்பார்கள். வண்டி வாரண்டியில் இருந்தால் அதை மட்டும் செய்யாதீர்கள்.

கசிவை நிறுத்த வேண்டியது டீலர். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, துடைப்பதற்கு முன்பே படமாகவும் எழுத்தாகவும் ஆக்கி வைப்பது உங்கள் பொறுப்பு. வாரண்டிச் சண்டைகளில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையை விட்டவர்கள்தான்.

முதலில் கையைப் பின்னால் வையுங்கள்

மினி டிராக்டரின் ஹைட்ராலிக் லைனில் அழுத்தம் சாதாரணமாக 150 முதல் 200 பார் வரை போகும். பின் டயரில் இருப்பது ஏறக்குறைய 1 பார். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அதிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கருவேல முள் குத்தியது போலத்தான் இருக்கும், ரத்தம்கூட வராது. சில மணி நேரம் கழித்து விரல் வீங்கிக் கறுக்க ஆரம்பிக்கும்போது தாமதமாகிவிட்டிருக்கும். இப்படி நடந்தால் வலி இல்லையென்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள் போயிருக்கிறது" என்று டாக்டரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

அதனால் கசிவைத் தேடும்போது விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை நீட்டிப் பிடித்து, அதில் ஈரம் படுகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடியில் குனிந்து பார்ப்பதற்கு முன் கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிப்ட் லீவரையும் டிப்பர் லீவரையும் நான்கைந்து தடவை முன்னும் பின்னும் அசையுங்கள். பைப்புகளில் தங்கியிருக்கும் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். தூக்கிய ரோட்டவேட்டருக்குக் கீழே லிப்டை மட்டும் நம்பி யாரும் படுக்கக் கூடாது. கசிகிற லிப்ட் என்றால் சொல்லவே வேண்டாம்.

அது ஹைட்ராலிக் ஆயில்தானா?

சொட்டுகிறதெல்லாம் ஹைட்ராலிக் ஆயில் இல்லை. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் வெள்ளைக் காகிதத்தையோ பழைய உரச்சாக்கைப் பிரித்தோ விரித்து வையுங்கள். காலையில் நிறம் சொல்லிவிடும். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். தேன் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் ஹைட்ராலிக் அல்லது டிரான்ஸ்மிஷன் ஆயில். பெரும்பாலான மினி டிராக்டர்களில் இரண்டும் ஒரே தொட்டியில் இருக்கும் ஒரே ஆயில்தான். தண்ணீர் போல ஓடி மூக்கைத் துளைத்தால் டீசல். பச்சையோ சிவப்போ நிறம் கலந்து தண்ணீராக இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட்.

டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். சமதளத்தில், லிப்டை முழுதாக இறக்கி வைத்துவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். குறி தாண்டி ஊற்றிய ஆயில் பிரீதர் (தொட்டியின் காற்றுத் துளை) வழியே வெளியே வந்து, கசிவு போலவே ஏமாற்றும். ஆயில் மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடும்போது நுரைத்து, பம்பு ஊளையிட்டால் சக்‌ஷன் பக்கம் (பம்பு ஆயிலை உறிஞ்சும் குழாய்) எங்கேயோ காற்று இழுக்கிறது. இந்தக் கசிவு ஒரு விசித்திரம்: எஞ்சின் ஓடும்போது சொட்டாது, நிறுத்திய பிறகுதான் சொட்டும்.

படம் எடு, அப்புறம் கழுவு, அப்புறம் பவுடர்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கசிந்த நிலையிலேயே தூரத்தில் இருந்து ஒன்று, கிட்டே இருந்து ஒன்று என்று படம் எடுங்கள். ஹவர் மீட்டரையும் சேசிஸ் நம்பர் தகட்டையும் அதே நேரத்தில் எடுத்துவிடுங்கள். அன்றைக்கே யாராவது ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் தேதியும் பதிவாகிவிடும்.

அடுத்து அந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, முகப் பவுடரைத் தூவுங்கள். லிப்டை ஏற்றி இறக்கி அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே முதலில் விழுகிறதோ அதுதான் ஊற்றுக்கண். ஆயில் மேலிருந்து கீழே வழியும், காற்றில் பின்னால் போகும். அதனால் சொட்டுகிற இடத்துக்கும் கசிகிற இடத்துக்கும் ஒரு முழம் வித்தியாசம் இருக்கலாம். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே தேடுங்கள்.

குளிர்ந்த வண்டியில் கசிகிறதா, சூடேறிய பிறகா, தூக்கும்போதா, சும்மா நிற்கும்போதா என்று குறித்துக்கொள்ளுங்கள். டீலரின் மெக்கானிக் வந்து நிற்கும்போது எந்த வண்டியும் சொட்டாது. அப்போது கைகொடுப்பது இந்தக் குறிப்புதான்.

இடத்தைப் பார்த்தே கணக்குப் போடலாம்

இரும்புப் பைப் வந்து சேரும் பஞ்சோ போல்ட் (நடுவில் ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்), யூனியன் (பைப்பை இணைக்கும் மரை) ஆகிய இடங்களில்தான் புது வண்டிகள் முதலில் கசியும். உள்ளே ஒரு செம்பு வாஷரோ ரப்பர் பதித்த வாஷரோ இருக்கும். அசெம்பிளியில் சரியாக உட்காராத வாஷர் ஐம்பது, நூறு மணி நேரத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும். பெரிய விஷயம் இல்லை, வாரண்டியிலும் பிரச்சினை வராது.

லிப்ட் கை இரண்டும் மேல் உடம்பிலிருந்து வெளியே வரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் அப்பியிருந்தால் அந்தக் கைகளைச் சுழற்றும் தண்டின் ரப்பர் வளையம் போயிருக்கிறது, அதாவது ராக்‌ஷாப்ட் ஓ-ரிங். லிப்ட் கவரும் டிரான்ஸ்மிஷன் பெட்டியும் சேரும் கோட்டில் ஈரம் என்றால் பேக்கிங். வார்ப்பு இரும்பின் நடுவிலேயே, எந்த ஜாயின்டும் இல்லாத இடத்தில் வேர்த்தால் அது வார்ப்பில் இருக்கும் நுண்துளை. இது முழுக்க முழுக்கக் கம்பெனிக் கோளாறு. மேலே எம்-சீல் அப்பிச் சமாளிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பாகத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டிப்பரின் ஆயில் ஹோஸை மாட்டும் இணைப்பு வாயான கப்ளரில், கழற்றும்போது நாலு சொட்டு விழுவது சகஜம். மாட்டிய நிலையிலோ மூடி போட்ட நிலையிலோ தொடர்ந்து சொட்டினால் உள்ளே ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. இங்கே நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வாடகை டிரெய்லரைப் பலபேர் மாற்றி மாற்றி மாட்டுவதால், அதன் ராமில் (டிப்பரைத் தூக்கும் சிலிண்டர்) தங்கியிருக்கும் அடுத்தவர் ஆயிலும் கடற்கரை மணலும் உங்கள் வண்டிக்குள் வந்துவிடும். ஆயிலைச் சோதித்து "அழுக்கு, கலப்படம்" என்று டீலர் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். கப்ளரின் இரண்டு வாயையும் துணியால் துடைத்த பிறகே மாட்டுங்கள். மூடி தொலைந்தால் பாலிதீன் பையைக் கட்டியாவது வையுங்கள்.

இனி எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் சின்ன ஓட்டை ஒன்று, பல வண்டிகளில் ஒரு பிளவு ஊசியோடு இருக்கும். அதில் கறுப்பு ஆயில் வந்தால் எஞ்சினின் பின்பக்க சீல். தேன் நிற ஆயில் வந்தால் டிரான்ஸ்மிஷனின் இன்புட் சீல். எதுவானாலும் வண்டியை இரண்டாகப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். பாகத்தின் விலை சில நூறாக இருக்கும், கூலிதான் ஆயிரக்கணக்கில் ஓடும். கிளட்ச் பிளேட்டிலும் ஆயில் ஏறிவிட்டால் அதுவும் வீண். இந்த ஓட்டை ஈரமாக இருப்பதை வாரண்டிக்குள் பார்த்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்தால் ஆக்சில் சீல். பவர் ஸ்டியரிங் வண்டிகளில் முன் ஆக்சிலில் இருக்கும் ஸ்டியரிங் சிலிண்டரின் ராடையும் பாருங்கள். ராடின் பளபளக்கும் வெள்ளைப் பூச்சில் கீறலோ புள்ளிப் புள்ளியாகத் துருவோ இருந்தால் சீலை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. ராடையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வெளியே சொட்டாத கசிவு

ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதா? தரையில் ஒரு சொட்டும் இல்லையா? அப்படியானால் கசிவு உள்ளே. பிஸ்டன் ஓ-ரிங்கோ கன்ட்ரோல் வால்வோ அழுத்தத்தை விட்டுவிடுகிறது. தூக்கியதும் தரைக்கும் கத்தி நுனிக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து எழுதி வையுங்கள். எவ்வளவு இறங்கலாம் என்ற அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டீலரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஹைட்ராலிக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, வெளியே கசிவே இல்லை, ஆனால் எஞ்சின் ஆயில் அளவு ஏறுகிறது. பம்பு எஞ்சினின் டைமிங் கியரில் மாட்டியிருக்கும் வண்டிகளில் பம்பு ஷாப்ட் சீல் போனால் இப்படி ஆகும். ஹைட்ராலிக் ஆயில் நேராக எஞ்சினுக்குள் போகிறது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு டீலரை வரச் சொல்லுங்கள். இதற்கு மேல் ஓட்டி எஞ்சின் கெட்டால் "தெரிந்தே ஓட்டினீர்கள்" என்பார்கள்.

சர்வீஸ் புக்கில் பார்க்க வேண்டியவை

வாரண்டி என்பது இவ்வளவு ஆண்டு அல்லது இவ்வளவு மணி நேரம், எது முந்துகிறதோ அது. 6 வருஷம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், முதல் ஒன்றிரண்டு வருஷத்துக்குப் பிறகு எஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் மட்டும் என்று உள்ளே இருக்கலாம். ஹைட்ராலிக் பம்பும் லிப்டும் அதில் சேருமா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ், சீல், பில்டர், ஆயில் ஆகியவற்றைத் தேய்மானப் பொருள் என்று தனியாக ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் கம்பெனிக் கோளாறால் கொட்டிய ஆயிலுக்கும் சேர்த்துக் கேளுங்கள், சில நேரம் தருவார்கள்.

இலவச சர்வீஸ் ஒன்றைத் தவறவிட்டிருந்தால் அதைத்தான் முதல் காரணமாகக் காட்டுவார்கள். வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு மணி நேரம் வேகமாக ஓடும் என்பதால், தேதியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் மீட்டரைப் பார்த்து சர்வீஸுக்கு விடுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள்

போனில் சொன்னது காற்றோடு போச்சு. போனும் பண்ணுங்கள், கூடவே டீலரின் சர்வீஸ் நம்பருக்கு இப்படி ஒரு செய்தியும் அனுப்புங்கள்:

"வணக்கம். சேசிஸ் நம்பர் ____. வாங்கிய தேதி ____. இன்று ஹவர் மீட்டர் ____ மணி. வலது லிப்ட் கை வெளியே வரும் இடத்தில் ஹைட்ராலிக் ஆயில் கசிகிறது. வண்டி சூடேறிய பிறகு தரையில் சொட்டுகிறது. படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். வண்டி வாரண்டியில் உள்ளது. எப்போது ஆள் வருவார் என்று இதிலேயே பதில் தரவும்."

அதையே கம்பெனியின் இலவச உதவி எண்ணிலும் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். டீலருக்கு மேலே ஏரியா சர்வீஸ் அதிகாரி ஒருவர் இருப்பார். புகார் எண் இருந்தால்தான் விஷயம் அவர் பார்வைக்குப் போகும்.

ஷோரூமில் ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடும்போது "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். எங்கே, எப்போது கசிகிறது என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். "சீசன் முடிஞ்சு கொண்டு வாங்கண்ணே, பிரிச்சுப் பார்த்துடலாம்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். நியாயமாகவும் இருக்கும், ஐப்பசியில் யார்தான் வண்டியைப் பிரித்துப் போடுவார்கள்? சரி என்று சொல்லுங்கள், ஆனால் இன்றைய தேதியில், இன்றைய மணியில் புகாரைப் பதிந்துவிட்டுச் சொல்லுங்கள். சீசன் முடிவதற்குள் வாரண்டி மணி முடிந்துபோனால் அந்தப் பதிவுதான் காப்பாற்றும்.

சாயல்குடி, தொண்டி போன்ற ஊர்களில் இருப்பவர்கள் ஆளை இங்கே வரச் சொல்லிக் கேட்பது நல்லது. வண்டியை ஏற்றி இறக்கும் செலவை வாரண்டி பெரும்பாலும் தராது.

"இது உப்புக்காத்துல வந்ததுண்ணே"

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. பாதி உண்மையும்கூட. தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை உப்புக்காற்றில் இரும்புப் பைப்பின் பெயின்ட் உரிந்து துரு ஏறுவது உண்மைதான். ஆனால் பைப் வெளியே துருப்பிடித்திருப்பதும் ஜாயின்டில் வாஷர் கசிவதும் இரண்டு வேறு விஷயங்கள். கசிவு துருவின் நடுவிலிருந்து வருகிறதா, துருவே இல்லாத ஜாயின்டிலிருந்து வருகிறதா என்பதை உங்கள் பவுடர் படம் காட்டிவிடும். கசிகிற ஓ-ரிங்கைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். ஒரு பக்கம் நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் மாட்டும்போதே பிசகியது. பைப் நெளிந்திருந்தால், ஹோஸில் கிழிசல் இருந்தால் கருவேலங்கட்டை பட்டது என்பார்கள். அது அநேகமாகச் சரியாகவும் இருக்கும், அதற்கு மல்லுக்கட்டாதீர்கள்.

மறுத்தால் சண்டை வேண்டாம். "எந்த விதிப்படி இல்லைங்கிறதை ஜாப் கார்டுல எழுதிக் கொடுத்துருங்க தம்பி" என்று கேளுங்கள். வாயால் சொல்லும் காரணத்தை எழுத்தில் கொடுக்கப் பலர் தயங்குவார்கள், அப்போதே பேச்சு மாறும்.

படகைக் கரையேற்றவோ உப்பளத்தில் லோடு அடிக்கவோ வண்டியை விட்டால், விவசாயம் அல்லாத பயன்பாடு என்று மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். கடல்தண்ணீர் ஆக்சில் சீல் வரை ஏறினால் உள்ளேயும் போகும். போய்த்தான் தீர வேண்டும் என்றால் அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைச் சீல்களுக்கும் பிரீதருக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். ராடுகளை ஆயில் துணியால் துடைத்து விடுங்கள்.

நீங்களாகச் செய்யக் கூடாதவை

வாரண்டி காலத்தில் வெளி மெக்கானிக் ஸ்பேனர் வைத்த அடையாளம் போல்ட் தலையில் தெரிந்தால் போதும், கேஸ் பலவீனமாகிவிடும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் பலர் ஷோரூம் பையன்களைவிடக் கெட்டிக்காரர்கள், அது வேறு விஷயம். டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னும் மோசம். அதன் இழை பிய்ந்து வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கசிவை அடைக்கும் மருந்து, ஏதோ ஒரு டின்னில் மிஞ்சிய எஞ்சின் ஆயில், எதுவும் வேண்டாம். பிரேக்கும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டியில் தப்பான ஆயில் ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிக்காது. அளவு குறைந்தால் கம்பெனி சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். டிப் ஸ்டிக்கில் கீழ்க்குறிக்குக் கீழே போனால் ஓட்டாதீர்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

கையெழுத்துப் போடுவதற்கும் ஓ.டி.பி. சொல்வதற்கும் முன்னால் லோடு மாட்டித் தூக்கி, அரை மணி நேரம் ஓட்டி, பவுடர் போட்டுப் பாருங்கள். மாற்றிய பாகத்தின் பெயர் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். மாற்றிய பாகத்துக்குப் புதிதாக முழு வாரண்டி கிடைக்காது, பொதுவாக வண்டியின் மிச்ச காலம்தான். அதே இடம் மறுபடி கசிந்தால் "இரண்டாவது முறை" என்று முந்தைய ஜாப் கார்டு எண்ணோடு எழுதுங்கள்.

இழுத்தடித்தால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வாடகைக்கும் ஓட்டுவதால் இது வணிகம் என்று எதிர்தரப்பு வாதிடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு அது பொருந்துவது கடினம்.

மானியத்தில் வாங்கிய வண்டி என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் ஒரு மனு கொடுங்கள். அவர்கள் உத்தரவு போட முடியாவிட்டாலும், டீலருக்கு அவர்களின் போன் அழைப்பு உறைக்கும். கோபத்தில் கடன் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கசிவுக்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை, வண்டியைத்தான் தூக்கிப் போவார்கள்.

வாரண்டி முடிய ஒரு மாதம் அல்லது நூறு மணி நேரம் இருக்கும்போது, கசிவு தெரியாவிட்டாலும் வண்டியை முழுக்கக் கழுவிப் பவுடர் சோதனை செய்யுங்கள். கிளட்ச் ஹவுசிங் ஓட்டை, பின் ஆக்சில், ஸ்டியரிங் ராடு, லிப்ட் கைகள், எல்லாவற்றையும் பார்த்து, லேசாக வேர்க்கும் இடத்தைக்கூட ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள். கோடையில், வேலை இல்லாத மாதத்தில் இது அமைந்தால் டீலரும் நிதானமாகப் பிரித்துப் பார்ப்பார்.